வரங்களின் வேற்றுமையும் வாழ்வின் ஏற்றத்தாழ்வும்

மனிதரிடையே இருவகை வேற்றுமைகள் உள. ஒருவர்க்குப் பாடும் குரல் வாய்த்திருக்கிறது. மற்றொருவர்க்கு அரியதை எளிதாக விளக்கும் திறன் வாய்த்திருக்கிறது. வேறொருவர்க்கு நோயாளியின் பாயருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கும் பொறுமை வாய்த்திருக்கிறது. இத்தகைய வேற்றுமைகளால் ஒரு சமூகம் வளம் பெறுமேயன்றி வறுமையுறாது. ஆயின் வேறொரு வகையும் உண்டு. ஒருவர் பள்ளிக்குச் சென்றார், மற்றொருவர் செல்ல இயலவில்லை. ஒருவர் சொல் சபையேறிற்று, மற்றொருவர் சொல் வாசலிலேயே நின்றுவிட்டது. இவை பிறப்போடு வந்தவை அல்ல, மனிதர் வகுத்தவை. முதல்வகை வேற்றுமையைக் காட்டி இரண்டாம் வகையை நியாயப்படுத்துவது உலகின் பழைய தந்திரங்களுள் ஒன்று. கிறிஸ்தவத் திருச்சபையில் பேசப்படும் 'ஆவியின் வரங்கள்' என்னும் கோட்பாட்டை ஆராய முற்படுவோர் எதிர்கொள்ளவேண்டிய முதன்மையான அறவியல் வினாவும் இதுவே. வரங்களின் பன்மையைப் போற்றுவது சமத்துவத்தை வளர்க்குமா, அன்றி ஏற்றத்தாழ்வுக்குப் பூச்சூட்டுமா?

இவ்வினாவை ஏட்டளவில் எழுப்பினால் விடை எளிது. அதை மஸ்கெலியா போன்றதோர் இடத்தில் வைத்து எழுப்பும்போதுதான் அதன் கனம் புலப்படும். சிவனொளிபாதமலையை அண்டிய அத்தேயிலைத் தோட்டங்களில் வேலைப் பகுப்பு மிக நுணுக்கமானது. கொழுந்து எடுப்போர், கவ்வாத்து வெட்டுவோர், உரமிடுவோர், தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவோர், அரைப்போர், உலர்த்துவோர், சலிப்போர் என எல்லோர் கையும் சேர்ந்தே தேயிலை உருவாகின்றது. ஒரு கை தவறினும் தூளின் தரம் கெடும். அவ்வகையில் தோட்டம் ஓர் உடலைப் போன்றது. ஆனால் அதே தோட்டத்தில் துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என்று ஓர் ஏணியும் நிறுத்தப்பட்டிருந்தது. வேலைப் பகுப்பு வேறு, ஏணி வேறு. தோட்டத் தமிழருள் சிறுபான்மையினரான கிறிஸ்தவர், ஆலயத்தில் உடலின் உவமை வாசிக்கப்படக் கேட்டபோது அவர்கள் உள்ளத்தில் பதிந்தது உடலா, ஏணியா என்பது சிந்தனைக்குரியது.

முதற்கண் சொல்லாராய்ச்சி ஒன்று தேவைப்படுகின்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'காரிஸ்மா' என்னும் சொல், அருள் எனப் பொருள்படும் 'காரிஸ்' என்பதிலிருந்து பிறந்தது. புரட்டஸ்தாந்தரின் பழைய தமிழ் வேதாகமம் அதனை 'வரம்' என்று பெயர்த்தது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அருள்கொடை' என்று கொண்டது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் தமிழர் செவியில் அவை எழுப்பும் ஓசை வேறு. வரம் என்றவுடன் தவம் நினைவுக்கு வருகின்றது. இரணியனும் இராவணனும் கடுந்தவம் இயற்றி வரம் பெற்றனர். பெற்ற வரம் அவர்தம் தனி உடைமையாயிற்று, அவ்வுடைமை செருக்காயிற்று, செருக்கு உலகுக்குத் துன்பமாயிற்று. புராணம் கூறும் வரம் உழைத்துப் பெறுவது, பெற்றவனை உயர்த்துவது. பவுல் கூறும் காரிஸ்மாவோ உழையாமற் கிடைப்பது, பெற்றவனை அன்றிப் பிறரை உயர்த்துவது. வரம் பெற்றவர் தம்மைச் சிறப்புடையோராகக் கருதும் போக்கு எங்கெல்லாம் தலைதூக்குகின்றதோ அங்கெல்லாம் இரணியனின் பொருளே சொல்லுக்குள் மீண்டும் புகுந்துவிட்டது எனலாம்.

இனி, அக்கோட்பாடு பிறந்த சூழலை நோக்குவோம். கொரிந்து நகரை உரோமர் கி.மு. 146இல் அழித்தனர். கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதனை உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். அங்குக் குடியமர்த்தப்பட்டோருள் பலர் அடிமை நிலையினின்று விடுதலை பெற்றோர். பழங்குடிப் பெருமை பேச வழியற்ற அத்தகைய துறைமுக நகரில், செல்வமும் செல்வாக்கும் காட்டி மேலேறும் வேட்கை மிகுந்திருந்ததில் வியப்பில்லை. கி.பி. 50களின் நடுப்பகுதியில் எபேசு நகரிலிருந்து பவுல் அந்நகரத்துச் சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு வரையான அதிகாரங்கள் ஆவியின் வரங்களைப் பற்றியவை. ஞானம் உரைத்தல், அறிவு உரைத்தல், விசுவாசம், குணமாக்கல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், அந்நிய பாஷை, அதன் பொருளுரைத்தல் என ஒன்பது வரங்கள் ஓரிடத்தில் எண்ணப்படுகின்றன. அதே அதிகாரத்தின் இறுதியில் உதவி செய்தலும் நிர்வகித்தலும் சேர்கின்றன. உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பட்டியல் மாறி, கொடுத்தலும் இரக்கம் காட்டலும் இடம்பெறுகின்றன. பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையே ஒரு பாடமாகும். வரங்கள் எண்ணி முடிக்கத்தக்கவை அல்ல. சபைக்கு எது தேவையோ அது வரமாக அமைகின்றது.

வரங்களைப் பற்றிப் பேசுமுன் பவுல் எதைப் பற்றிப் பேசினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு முன்னுள்ள பதினோராம் அதிகாரம் ஒரு விருந்தைப் பற்றியது. சபையார் ஒன்றுகூடி உண்ணும்போது வசதியுள்ளோர் முந்திக்கொண்டு வயிறார உண்டு குடிக்கின்றனர். இல்லாதவர் பசியோடு நிற்கின்றனர். இது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் கடிந்துரைக்கின்றார். அதன் பின்னரே வரங்களின் பன்மை பேசப்படுகின்றது. இவ்வரிசைமுறை தற்செயலாக அமைந்ததாயினும் அதில் ஓர் ஆழ்ந்த தருக்கம் உண்டு. பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, அவனிடம் 'உனக்கு ஒரு வரம், எனக்கு ஒரு வரம்' என்று கூறுதல் ஏளனமாகும். பந்தியில் நீதி நிலவாத சபையில் வரங்களின் பன்மை வெறும் சொல்லலங்காரமே.

உடலின் உவமையும் பவுல் படைத்தது அன்று. கி.மு. 494இல் உரோமின் எளிய குடிகள் நகரை விட்டு வெளியேறியபோது, மெனேனியஸ் அகிரிப்பா என்பவர் அவர்களிடம் வயிற்றின் கதையைக் கூறித் திரும்பச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகின்றார். கையும் வாயும் பல்லும் வயிற்றுக்கு உழைக்க மறுத்தன. முடிவில் முழு உடலும் மெலிந்தது. ஆகவே உழைப்போர் தத்தம் இடத்துக்குத் திரும்புவதே நலம் என்பது அக்கதையின் நீதி. அதில் வயிறாக இருப்போர் ஆளும் குடியினர். பவுல் அதே உவமையை எடுத்து அதன் தலையைக் கீழாக்குகின்றார். பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை, கனமற்றவையாகத் தோன்றுவனவற்றுக்கே மிகுந்த கனம் உரியது, ஓர் உறுப்பு நொந்தால் எல்லா உறுப்பும் நோகவேண்டும் என்பன அவர் கருத்துகள். அகிரிப்பாவின் உடலில் கீழுள்ளோர் மேலுள்ளோரைப் புரிந்துகொள்ளவேண்டும். பவுலின் உடலில் மேலுள்ளோர் கீழுள்ளோரின் நோவை உணரவேண்டும். ஒரே உவமை எதிரெதிர் அறங்களுக்கு இடமளிக்கின்றது. எந்த உடல் போதிக்கப்படுகின்றது என்பதே கேள்வி.

மலையகத்தில் இரண்டும் போதிக்கப்பட்டன. 1854ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாரின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட ஆங்கிலிக்கன் திருப்பணி 'தமிழ்க் கூலி மிஷன்' எனப் பெயர் பெற்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார் கோப்பித் தோட்டங்களில் நடந்து திரிந்து எழுத்தறிவும் வேதமும் புகட்டினர். அவர்தம் தொண்டு சிறிதன்று. ஆயினும் அத்திருப்பணியின் பெயரிலேயே ஒரு முரண் உறைந்து கிடக்கின்றது. கடவுளின் பிள்ளைகள் என்று அழைக்க வந்த திருப்பணி அம்மக்களைக் கூலிகள் என்ற பெயராலேயே அறிந்திருந்தது. உபதேசியாரின் செலவில் துரைமாரின் நன்கொடைக்கும் பங்கிருந்தது. போதிக்கும் வரம் பெற்ற ஒருவர், நன்கொடை தருவோரின் அநீதியைச் சுட்டும் தீர்க்கதரிசன வரத்தையும் அச்சூழலில் தடையின்றிப் பயன்படுத்தியிருக்க முடியுமா? வரம் ஆவியினுடையதாயினும் அதன் வாய் பிறர் கையில் இருந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு நிகழ்வு நேர்ந்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கிறிஸ்தியான்பேட்டையில் ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) என்னும் தமிழர், வெளிநாட்டுச் சங்கங்களின் நிலையான சம்பளத்தை நாடாது ஊழியம் செய்துவந்தார். 1860இல் அவரைச் சூழ்ந்த எளிய மக்களிடையே எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் தோன்றியதாக அவர் தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அசுசா வீதி எழுப்புதல் 1906இலேயே தொடங்கியது என்பதை நோக்க, தமிழ்நாட்டு நிகழ்வின் முதன்மை விளங்கும். அந்நிகழ்வுகளின் உண்மைத்தன்மை பற்றி அறிஞர் வேறுபடலாம். ஆயின் ஒன்று தெளிவு. சம்பளப் பட்டியலும் அதிகாரப் பட்டியலும் தளர்ந்த இடத்தில், முன்பு பேசாதோர் பேசத் தொடங்கினர்.

இவ்விடத்தில் தடையொன்று எழுப்பப்படலாம். ஆவியானவர் தம் சித்தப்படியே வரங்களைப் பகிர்ந்தளிக்கின்றார் எனின், கிடைத்தவர்க்குக் கிடைத்தது, கிடையாதவர்க்குக் கிடைக்கவில்லை என்று அமைவதே பணிவு அன்றோ என்பது அத்தடை. இதற்கு விடை காண, ஆவி பகிர்ந்தது எது, மனிதர் பறித்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும். சான்றாகப் போதிக்கும் வரத்தைக் கொள்வோம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் விட்டது. பிள்ளையின் உழைப்பால் பயன்பெறுவோரே பிள்ளையின் பள்ளிக்கும் பொறுப்பாயினர். 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை; 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது. இவ்வளவு காலமும் மஸ்கெலியாவின் லயன்களில் பிறந்தோருள் போதகர் சிலரே தோன்றினர் எனின், ஆவியானவர் அந்த வரத்தை அங்கு அளிக்கவில்லை என்று முடிவு செய்யலாமா? விதை விழுந்த நிலத்துக்கு நீர் மறுத்தவர் விதைத்தவரைக் குறைகூறுதல் முறையன்று.

ஆகவே வேற்றுமை ஒவ்வொன்றையும் வரம் என்று வாழ்த்துமுன் அதனை ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும். வரத்தின் வேற்றுமை எனின், அதனை உடையவர் மனமுவந்து கொடுக்க இயலும். அக்கொடையால் கொடுத்தவரும் பெற்றவரும் வளர்வர். கொடுத்தவர்க்குச் சபையில் சொல்லுரிமை இருக்கும். பறிப்பின் வேற்றுமை எனின், கொடுப்பது கட்டாயமாகும். ஒரு பக்கமே வளரும். கொடுத்தவர் வாய் மூடியிருக்கும். மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் நிறைவுற்ற மவுசாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று; நீர் வற்றும் காலங்களில் அதன் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. அந்நீரால் பிறந்த மின்சாரம் தொலைநகரங்களை ஒளிர்வித்த ஆண்டுகளில் அணையைச் சூழ்ந்த லயன்கள் பலவற்றில் குப்பிவிளக்கே எரிந்தது. இதனை அம்மக்கள் நாட்டுக்கு அளித்த கொடை என்று புகழ்தல் எளிது. கேளாமல் எடுக்கப்பட்டதைக் கொடை என்றழைப்பது கொடை என்ற சொல்லுக்கே இழுக்கு. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரம் உண்டு. அங்குப் பொருள் படைத்தவரிடமே பிறர்க்குதவும் கடமை எதிர்பார்க்கப்படுகின்றது. இல்லாதவரிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒப்புரவு ஆகாது.

மறுபுறம், வாய்ப்பு முழுவதும் சமமான பின்னரே வரம் தோன்றும் என்று கூறுதலும் மிகையாகும். அசுசா வீதிக் கூட்டங்களை நடத்திய வில்லியம் சீமோர் முன்னாள் அடிமைகளின் மகன். கேரளத்தில் ராமன்குட்டி என்ற பெயருடன் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்கு வந்து ஒரு தமிழ் மருத்துவர் வீட்டில் பணியாளராக இருந்தவரே, பின்னர் பாஸ்டர் பால் என அறியப்பட்டு, 1920களில் இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அடித்தளத்திலிருந்து இவர்கள் எழுந்தமை ஆவியின் சுதந்திரத்துக்குச் சான்று. ஆயின் அது சமூகத்தின் அலட்சியத்துக்கு விலக்குச் சீட்டு ஆகாது. பாறைப் பிளவிலும் செடி முளைக்கும் என்பதற்காக எவரும் பாறையில் விதைப்பதில்லை.

பன்மைக்கு எதிராக மற்றொரு வாதமும் உண்டு. எல்லோர்க்கும் வரம் உண்டெனின் ஒழுங்கு குலையாதா, சபையை யார் நடத்துவது என்பது அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1963ஆம் ஆண்டு ஒக்டோபரில் இவ்விவாதம் வெளிப்படையாக நிகழ்ந்தது. பலேர்மோவின் கர்தினால் ருஃபீனி, இத்தகைய வரங்கள் ஆதித் திருச்சபையில் மிகுந்திருந்தன, இக்காலத்தில் அரியன என்றார். பெல்ஜியத்தின் கர்தினால் சூனன்ஸ், எளிய விசுவாசிகள் ஒவ்வொருவரிடத்தும் அவை உள என மறுத்துரைத்தார். 1964இல் வெளியிடப்பட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் சூனன்ஸின் பக்கமே சாய்ந்தது. வரங்களைச் சோதித்தறியும் பொறுப்பு மேய்ப்பர்க்கு உண்டு, அணைத்துவிடும் உரிமை இல்லை என்பது அதன் சாரம்.

சமூகவியலறிஞர் மக்ஸ் வேபர் (1864–1920) இதே காரிஸ்மா என்ற சொல்லை எடுத்து, கூட்டத்தைத் தன்பால் ஈர்க்கும் தனித்தலைவனின் ஆற்றலைக் குறிக்கப் பயன்படுத்தினார். இன்று அப்பொருளே உலகெங்கும் பரவிவிட்டது. பவுலின் சபையில் ஈர்ப்பு ஒருவரிடம் குவிவதில்லை; பலரிடம் பரவிக் கிடக்கின்றது. எல்லோரும் அப்போஸ்தலரோ, எல்லோரும் பல பாஷைகளைப் பேசுகின்றனரோ என்று அவர் கேட்கும் வினாக்களுக்கு 'இல்லை' என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. இவ்விடை இருசாராரையும் தட்டிக் கேட்கின்றது. குருவின் குரலைத் தவிர வேறு குரல் கேளாத பழைய சபைகளும், ஒரு குறிப்பிட்ட வரம் பெறாதவரை முழுமையற்றவர் எனக் கருதும் புதிய சபைகளும் ஒரே பிழையை இரு திசைகளில் நின்று செய்கின்றன. உடல் முழுவதும் கண்ணாக இருக்கவேண்டும் என்பதே அப்பிழை. தோட்டமொன்றில் பத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்று சபைகளாகப் பிரிந்து ஒன்றையொன்று ஐயுறுமாயின், அங்கு வரங்கள் பலவாயிருந்தும் உடல் இல்லை.

பெண்களின் நிலை இவ்வாராய்ச்சிக்கு மற்றோர் உரைகல். அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரம் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் நடைமுறையாகவே குறிப்பிடுகின்றது. பதினான்காம் அதிகாரமோ அவர்கள் அமைதி காக்கவேண்டும் என்கின்றது. இம்முரணை அறிஞர் பலவாறு விளக்குவர். நடைமுறையில் எந்த வசனம் கைக்கொள்ளப்பட்டது என்பதை மலையகம் நன்கறியும். கொழுந்து எடுப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆயினும் 1984வரை அவர்தம் நாட்கூலி ஆண்களின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. கொழுந்தெடுக்கும் விரல்களின் நுட்பம் வானளாவப் புகழப்பட்டது. அப்புகழுக்கு விலை மட்டும் குறைத்தே இடப்பட்டது. சபையிலும் அவ்வாறே பெண்களின் இரக்கமும் ஜெபமும் பாட்டும் போற்றப்பட்டு, தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இல்லாதிருப்பின், புகழ் என்பது ஊதியத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் செல்லாக்காசே ஆகும்.

வரங்கள் பலவாயினும் ஒரே நோக்கில் இணையக்கூடும் என்பதற்கும் இந்நாட்டில் சான்றுகள் உள. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, 1,50,000 பேரைப் பின்னர் பேசுவதற்கென நிறுத்திவைத்தது. ஆவி வரங்களைப் பகிர்கின்றது என்று வாசித்த சபைகளின் கண்முன்னே அரசுகள் மனிதரையே பகிர்ந்தன. ஒரே குடும்பத்தின் உறுப்புகள் கடலின் இரு கரைகளுக்குப் பிரிந்தன. அக்காலத்தில், 1972இல், இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவி, சிங்களவரையும் தமிழரையும் ஒருங்கே கொண்டு தோட்ட மக்களுக்காகப் பணியாற்றினார். அது ஆய்வும் அமைப்பும் சேர்ந்த வரம். 1983 யூலை வன்செயலின் பின்னர் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்கள மக்களுள் ஒருவராக நின்று, அதற்காகத் தம்மினத்தார் வெட்கமுறவேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் காலமானார். அது தீர்க்கதரிசன வரம். வருங்காலம் உரைப்பதன்று, நிகழ்காலத்தின் உண்மையைத் தம்மவர்க்கே உரைப்பதுதான் அவ்வரத்தின் உயிர்.

இவர்தம் பெயர்கள் ஏட்டில் ஏறியுள்ளன. துக்கவீட்டில் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறிய கொழுந்துக்காரியின் பெயரும், குரு வாராத மாதங்களில் விளக்கேற்றிச் செபம் சொல்லிக்கொடுத்த முதியவரின் பெயரும் ஏறவில்லை. இருவகையினரின் வரங்களுக்கிடையே பவுல் ஏற்றத்தாழ்வு காணவில்லை. காண்பது ஏடு எழுதும் சமூகமே. அவர் பதின்மூன்றாம் அதிகாரத்தில் எல்லா வரங்களுக்கும் மேலாக அன்பை வைத்ததன் காரணமும் இங்குத்தான் விளங்குகின்றது. அன்பு பத்தாவது வரம் அன்று. வரம் எவருக்காகச் செலவழிகின்றது என்பதைக் காட்டும் அளவுகோல்.

அவ்வளவுகோல் கல்விமான்களுக்கும் பொருந்தும். அறிவு உரைத்தலும் வரங்களின் பட்டியலில் உள்ளது. இலங்கையின் பல்கலைக்கழகக் கல்வி பொதுப்பணத்தால் நிகழ்கின்றது. அப்பணத்தில் தேயிலை ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியும் கலந்திருந்தது. ஆகவே நூலகத்தில் பெறும் அறிவைத் தம் தவத்தின் பயனாக மட்டும் கருதும் பட்டதாரி இரணியனின் பொருளில் வரம் பெற்றவரே. அதனை எவர் உழைப்பால் பெற்றாரோ அவர்தம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைக்கு அதனைக் கொண்டுசெல்பவர், அவர் எந்தச் சமயத்தவராயினும், அருள்கொடை என்னும் சொல்லின் பொருளை வாழ்ந்து காட்டுகின்றார். வரங்களின் வேற்றுமை போற்றுதற்குரியதே. ஆனால் அப்போற்றுதலைச் சொல்லும் உரிமை, பந்தியில் அனைவர்க்கும் இடம் கிடைக்க உழைப்பவர்க்கே உண்டு.